பதினாறாம் நாளுக்கு அப்புறம் துக்கத்தோடு எப்படி இருப்பது

காரியம் முடிந்து, சாமியானாவையும் பிளாஸ்டிக் சேர்களையும் வாடகைக் கடைக்காரர் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் துக்கம் வீட்டுக்குள் நிஜமாக வந்து உட்காரும். அதுவரை ஆள் இருந்தது. பங்காளி வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது, யாராவது ஒரு அத்தை வந்து கட்டிக்கொண்டு அழுதார், பவானி கூடுதுறைக்கு எத்தனை வண்டி, பத்திரிகை அடித்தாச்சா, சமையலுக்கு எவ்வளவு அட்வான்ஸ் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பதினேழாம் நாள் காலையில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்தக் காலையையும், அதற்கு அப்புறம் வருகிற ஒரு வருஷத்தையும் எப்படிக் கடப்பது என்பதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. சேலத்தில் பிறந்து வளர்ந்தவள், அம்மாவை இழந்தவள், துக்க வீடுகளில் போய் உட்கார்ந்திருந்து பழகியவள். பார்த்ததையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இதில் எல்லாவற்றையும் செய்யவேண்டும் என்று இல்லை, உங்களுக்குச் சரிப்படுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: துக்கத்துக்குத் தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள், மிச்ச நேரத்தில் அதைவிட்டு விலகி இருங்கள். விலகி இருப்பது செத்தவருக்குச் செய்யும் துரோகம் இல்லை.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், துக்கத்தில் ஐந்து கட்டம் உண்டு, மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் எழுதியது அது, அதுவும் சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம் பேசி எழுதியது. பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து எழுதியது இல்லை. ஆனால் நம் ஆட்கள் அதைப் படித்துவிட்டு "எனக்குக் கோபமே வரவில்லையே, நான் ஒழுங்காக அழவில்லையோ" என்று புதிதாக ஒரு கவலையைத் தேடிக்கொள்கிறார்கள். 1999-இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் சொன்னது நான் பார்த்த வீடுகளோடு நன்றாகவே பொருந்துகிறது. துக்கப்படுபவர் இரண்டு பக்கமும் போய்ப்போய் வருகிறார், ஒரு பக்கம் இழப்பு, நினைவு, அழுகை, இன்னொரு பக்கம் கரண்ட் பில், பிள்ளையின் பள்ளிக்கூடம், புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய வேலைகள், நடுவே கொஞ்சம் சிரிப்பு. இப்படிப் போய் வருவதுதான் சரியான வழி, ஒரே பக்கத்தில் மாட்டிக்கொண்டால்தான் சிக்கல் என்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவர் அப்பா இறந்த ஒரு வாரத்தில் பட்டறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார் என்றால் ஊர் ஒரு மாதிரி பேசும். அவருக்குக் கை வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

முதலில் உடம்பு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துக்க வீட்டில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும்தான் முதலில் விட்டுப்போகும், அதைக் கவனிக்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். பசிக்கவில்லை என்றாலும் நேரத்துக்குக் கஞ்சியாவது குடியுங்கள். வருகிறவர்களுக்கு எல்லாம் காபி போட்டுக் கொடுத்து, கூடவே நீங்களும் குடித்துக்கொண்டிருந்தால் ராத்திரித் தூக்கம் போய்விடும், மத்தியானத்துக்கு மேல் வேண்டாம். நீண்ட நாள் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இன்னொன்று உண்டு. மாத்திரை கொடுக்கவேண்டிய நேரத்துக்கு உடம்பு தானாக எழுந்துகொள்ளும், எழுந்த பிறகுதான் கொடுக்க ஆள் இல்லை என்பது உறைக்கும். அந்த நேரத்துக்கு வேறு ஒரு வேலையை வைத்துக்கொள்ளுங்கள், வாசல் தெளிப்பதோ, பால் வாங்கி வருவதோ, எதுவானாலும் சரி, படுக்கையைவிட்டு எழுந்துவிட வேண்டும்.

அழுவதற்கு ஒரு நேரமும் இடமும்

ஒப்பாரி என்று ஒன்று இருந்தது. இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளில் கைபோட்டுக்கொண்டு பாடி அழும்போது, செத்தவருக்காக மட்டும் அழமாட்டார்கள், எப்போதோ போன தன் தம்பிக்காகவும், பிறக்காமல் போன பிள்ளைக்காகவும் சேர்த்தே அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். தொடக்கமும் முடிவும் உள்ள அழுகை அது. இப்போது பாதி வீடுகளில் ஒலிபெருக்கிதான் அழுகிறது, ஆண்களுக்கு அதுவும் இல்லை. அதனால் அந்தத் தொடக்கத்தையும் முடிவையும் நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

எப்படி என்றால், நாளில் ஒரு கால் மணி நேரம். சாயங்காலமாக இருந்தால் நல்லது, தூங்கப்போகும் முன் வேண்டாம். சின்ன வீட்டில் தனியாக உட்கார இடம் கிடைப்பது கஷ்டம் என்று தெரியும், மொட்டை மாடி தாராளமாகப் போதும். போட்டோவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அவருடைய துண்டு, கண்ணாடி, பால் கணக்கு எழுதிய டைரி, எதுவானாலும் சரி. முதலில் மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கொஞ்ச நேரம் பாருங்கள். அப்புறம் உடம்பில் துக்கம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், பலருக்குத் தொண்டையில் அடைத்துக்கொண்டிருக்கும், சிலருக்கு நெஞ்சில், சிலருக்கு வயிற்றில். அதை விரட்டாதீர்கள், ஏன் வந்தது என்று அலசவும் வேண்டாம், இங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். அழுகை வந்தால் அழுங்கள். வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருங்கள், அதுவும் கணக்கில் சேரும். போனில் அலாரம் வைத்திருந்தீர்கள் என்றால் அது அடித்ததும் எழுந்து முகம் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, கையால் செய்கிற ஒரு வேலையைத் தொடங்குங்கள், கீரை ஆய்வது மாதிரி. மற்ற நேரத்தில் கடைத்தெருவில், பஸ்ஸில், திடீரென்று பொங்கி வந்தால் "சாயங்காலம் உன்னைப் பார்க்கிறேன்" என்று மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். கேலியாகத் தெரியும். பல நாள் கேட்கும், சில நாள் கேட்காது, கேட்காத நாளில் அங்கேயே அழுதுவிட வேண்டியதுதான், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

எழுதிப் பார்ப்பது

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1986-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாணவர்களைத் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிஷம், மனசை மிகவும் பாதித்த ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார். நடந்ததையும் அப்போது மனசு பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரைப் பார்க்கப் போனது குறைந்தது. இழப்புத் துக்கத்துக்கு என்றே தனியாகச் செய்த ஆய்வுகளில் எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் இதை மருந்து மாதிரி நம்பவேண்டாம், செலவில்லாத ஒரு முயற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரங்களில் வேண்டாம். வீடு கொஞ்சம் அடங்கட்டும்.

பேசுகிற தமிழில் எழுதுங்கள். எழுத்துப்பிழை பார்க்காதீர்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அவருக்கே கடிதமாகத் தொடங்குங்கள், எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே: "அப்பா, மோட்டார் ரிப்பேர் ஆயிடுச்சு, நீங்க சொன்ன மெக்கானிக் போனை எடுக்கமாட்டேங்கிறார்." இப்படிச் சில்லறை விஷயத்தில் தொடங்கினால்தான் பெரிய விஷயம் தானாக வரும், நேராகப் பெரிய விஷயத்துக்குப் போனால் கட்டுரை மாதிரி ஆகிவிடும். எழுத வராதவர்கள் போனில் பேசிப் பதிவு செய்யலாம். எழுதியதை வைத்துக்கொள்வதும் கிழித்துப்போடுவதும் உங்கள் இஷ்டம், யாருக்கும் காட்டவேண்டியதில்லை. எழுதி முடித்த அன்று கொஞ்சம் கனமாக இருப்பது இயல்புதான், ஆனால் இரண்டு மூன்று நாள் ஆகியும் முன்னைவிட மோசமாக இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

"அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருந்தா..."

துக்கத்தில் அதிகமாகக் குத்துவது இதுதான். இழப்பின் வலியைக்கூட மனசு தாங்கிக்கொள்ளும், இந்தக் கேள்வியைத் தாங்காது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தால், கோயமுத்தூர் போயிருந்தால், வாயுப் பிடிப்பு என்று சொன்னதை நம்பாமல் இருந்திருந்தால், கடைசியாகப் போன் செய்தபோது அப்புறம் பேசுகிறேன் என்று வைக்காமல் இருந்திருந்தால். துக்கம் கேட்க வருபவர்களும் சும்மா இருக்கமாட்டார்கள், "ஏங்க, முன்னாடியே காட்டலையா?" என்று கேட்டுவிட்டுக் காபி குடிப்பார்கள்.

இதற்கு ஒரு பயிற்சி. நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம், அன்றைக்கு அந்த நேரத்தில் எனக்கு என்ன தெரியும். வலது பக்கம், இன்றைக்கு என்ன தெரியும். நேர்மையாக எழுதுங்கள். இடது பக்கத்தில் "நேற்றும் இப்படித்தான் வலிக்குது என்றார், சோடா குடித்ததும் சரியானது" என்று இருக்கும், வலது பக்கத்தில் "அது மாரடைப்பு" என்று இருக்கும். உங்களை நீங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருப்பது முழுக்க வலது பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான் என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும். சில பேருக்கு இடது பக்கத்திலேயே நிஜமான தவறு ஒன்று இருக்கலாம். இருந்தால் அதை இல்லை என்று பூசி மெழுகவேண்டாம், அதையும் கடிதத்தில் எழுதி அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள், அத்தனை வருஷம் பழகிய அந்த மனுஷர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று அவர் குரலிலேயே எழுதிப் பாருங்கள். பல பேருக்கு அங்கே ஒரு திட்டும் அதற்குக் கீழே ஒரு சமாதானமும் வரும்.

கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியலாளர் 2003-இலிருந்து இதைப் பற்றி எழுதிவருகிறார், தன்மேல் தானே காட்டும் இரக்கத்துக்கு மூன்று அங்கம் என்கிறார். தன்னைத் திட்டாமல் பரிவாக இருப்பது, இது எனக்கு மட்டும் நேர்ந்தது இல்லை என்று உணர்வது, வலியை மறைக்காமலும் பெரிதாக்காமலும் இருக்கிற அளவுக்கு இருப்பதாகப் பார்ப்பது. நடைமுறையில் இதைச் செய்ய எனக்குத் தெரிந்த சுலபமான வழி: உங்கள் சித்தி பெண் இதே கதையைச் சொல்லி அழுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் "ஆமாம், நீதான் கொன்றாய்" என்றா சொல்வீர்கள்? என்ன சொல்வீர்களோ அதை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உங்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் மிக்ஸி ஓடும்போது சொல்லுங்கள்.

வருகிறவர்கள், பேசுகிறவர்கள்

"கல்யாணச் சாவுங்க, கொடுத்து வெச்சவர்", "நீதான் தைரியமா இருக்கணும்", "அழுதா ஆத்மா சாந்தியாகாது" என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பெரும்பாலும் அவர்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாததால் வரும் பேச்சு. கோபப்பட்டால் உங்கள் சக்திதான் வீண். ஒரே கதையைப் பத்துப் பேருக்குப் பத்துத் தடவை சொல்ல முடியாவிட்டால் "இப்ப முடியலைங்க, தம்பி சொல்லுவான்" என்று தள்ளிவிடுங்கள், தப்பே இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். கணவனை இழந்த பெண்ணின் வளையல், பூ, பொட்டு. ஊர் வழக்கம், பெரியவர்கள் சொல்கிறார்கள் என்று நாலு பேர் பிடித்து உட்காரவைத்துச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவரிடம் முன்னாலேயே, தனியாக, கேளுங்கள். வேண்டாம் என்றால் வீட்டில் ஒருவர் எழுந்து "வேண்டாமாம்" என்று சத்தமாகச் சொல்லவேண்டும், மகனோ தம்பியோ சொன்னால் பாதி வாய் அடங்கிவிடும். வேண்டும் என்று அவரே சொன்னால் அதுவும் அவர் முடிவு. இதை ஒழுங்காகச் செய்யாத வீட்டில், அப்புறம் எத்தனை தியானம் சொல்லிக்கொடுத்தாலும் அந்த அம்மாவுக்கு ஆறாது.

குழந்தைகளிடம் "தாத்தா தூங்குறார்", "ஊருக்குப் போயிருக்கார்" என்று சொல்லாதீர்கள். அடுத்து நீங்கள் தூங்கினாலும் ஊருக்குக் கிளம்பினாலும் பயப்படுவார்கள். செத்துவிட்டார், உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, திரும்பி வரமாட்டார் என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு உடனே சைக்கிள் எடுத்துக்கொண்டு போவார்கள். போகட்டும், அவர்களுக்குத் துக்கம் அப்படித்தான்.

காகிதமும் பீரோவும்

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை, ஆஸ்பத்திரியில் நடந்தது என்றால் அவர்களே தகவல் அனுப்புவார்கள், வீட்டில் என்றால் நாம்தான் போகவேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம், தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். இந்த வேலைக்குத் தனியாகப் போகாதீர்கள். கவுன்டரில் இருப்பவர் "இறந்தவர் பெயர்?" என்று கேட்கும்போது குரல் உடைந்துவிடும், பக்கத்தில் ஒருவர் இருந்தால் அவர் சொல்லிவிடுவார். அவருடைய போன் நம்பரை உடனே நிறுத்தாதீர்கள், பாங்க் வேலைக்கு ஓடிபி அதற்குத்தான் வரும். அதோடு ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சில மாதத்தில் அந்த நம்பர் வேறு யாருக்காவது போய்விடும், அதற்குள் வாய்ஸ் மெசேஜ்களை எல்லாம் வேறு போனுக்கு மாற்றிவிடுங்கள். சட்டை, புடவையை எல்லாம் முதல் மாதமே மூட்டை கட்டிக் கொடுக்கச் சொல்லும் உறவினர்கள் இருப்பார்கள். பீரோ எங்கேயும் ஓடிவிடாது.

மலைக்கு ஒரு நாள்

சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி, எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை. நடை துக்கத்துக்கு நல்லது, பேசிக்கொண்டே நடப்பதைவிடப் பேசாமல் நடப்பது இன்னும் நல்லது. தினசரிக்குக் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரை போதும். காலையில் போனால் பறவைகள் இருக்கும், பின்னால் சேர்வராயன் மலை தெரியும்.

மாதத்தில் ஒரு நாள் முடிந்தால் ஏற்காடு. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஏரிப் பக்கம் கூட்டமும் போட்டோவும் தள்ளுமுள்ளும்தான். வார நாளில் காலைப் பஸ் ஏறுங்கள். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் அவரைப் பற்றிய ஒரு நினைவு எடுங்கள். ஒரு நிபந்தனை, ஆஸ்பத்திரி நினைவு கூடாது. முதல் சில வளைவுகள் கஷ்டமாக இருக்கும், கடைசி மாதம் மட்டும்தான் ஞாபகத்துக்கு வரும், ஐசியூ கதவு, மருந்துச் சீட்டு. விடாமல் பின்னால் போனால், அவர் பஸ் கண்டக்டரோடு சில்லறைக்குச் சண்டை போட்டது, தட்டுவடை செட்டில் காரம் போதவில்லை என்று திருப்பிக் கொடுத்தது, உங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து அடித்தது எல்லாம் வரும். நோய்வாய்ப்பட்டுப் போனவர்களை மனசு நோயாளியாக மட்டுமே பிடித்து வைத்துக்கொள்கிறது, அதிலிருந்து அவர்களை மீட்பதுதான் இந்தப் பயிற்சி. (வளைவில் வாந்தி வருபவர்கள் இறங்கிய பிறகு நினைத்துக்கொள்ளலாம்.)

மேலே போய் ஏரியைத் தாண்டி, காபித் தோட்டங்களுக்கு நடுவே போகிற ஏதாவது ஒரு ரோட்டில், சில்வர் ஓக் நிழலில் மெதுவாக நடங்கள். கோடை மழை விழுந்த பிறகு, மார்ச் ஏப்ரலில், காபிப் பூ பூத்திருந்தால் மல்லிகை மாதிரி வாசம் வரும். பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள், மனசு ஓடினால் திரும்பப் பாதத்துக்கு வாருங்கள். எதிரில் வருபவர்களைப் பார்த்து, தோட்ட வேலைக்குப் போகும் அம்மா, பள்ளிக்கூடப் பையன், டீக்கடைக்காரர், "இவங்களும் யாரையோ இழந்திருப்பாங்க, இவங்க நல்லா இருக்கட்டும்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போங்கள், அப்புறம் அதே வார்த்தையை உங்களுக்கும். எனக்கு இதில் ஆரம்பத்தில் நம்பிக்கை இல்லை, ஆனால் துக்கத்தில் வரும் அந்த "ஏன் எனக்கு மட்டும்" என்பது இதனால் கொஞ்சம் தளர்கிறது.

நாள் கிழமை

முதல் வருஷம் பண்டிகை இல்லை என்பது வழக்கம். அதிலும் ஆடி மாதம் சேலத்தில் துக்க வீட்டுக்காரர்களுக்குக் கொடுமை. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே வேப்பிலையும் மஞ்சளுமாக இருக்கும், மைக் செட் போட்டிருப்பார்கள், நம் வீடு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும். அந்த மாதிரி நாட்களைக் காலண்டரில் முன்னாலேயே குறித்துவைத்து, காலையில் என்ன செய்வது, யார் கூட இருப்பது என்று ஒரு வாரம் முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஆடி அமாவாசைக்குக் காவிரிக்குப் போகிறவர்கள் போகலாம், கல்லறைத் திருநாள் கொண்டாடும் கிறிஸ்தவர்களுக்கு நவம்பர் 2 இருக்கிறது, எந்த நம்பிக்கையும் இல்லாதவர்கள் அவர் பிறந்தநாளில் அவருக்குப் பிடித்ததைச் சமைத்து நாலு பேருக்குப் போடலாம். குறிக்காத நாளும் தாக்கும். மே மாதம் முதல் மல்கோவா வீட்டுக்கு வந்ததும், அதை வெட்டிப் பங்கு வைப்பது யார் என்று கேள்வி வரும். இந்த வருஷம் யார் வெட்டுவது என்பதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது ஆள் தேவை

சாராயத்தில் போய் விழுவது, பல வாரம் ஆகியும் தூக்கம் திரும்பாதது, சாப்பிடாமல் உடம்பு கரைவது, வேலைக்கோ வீட்டுக்கோ எழுந்திருக்க முடியாதது, இவற்றுக்குத் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கம் ஒரு தனிப் பிரச்சினையாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது, குறைந்தது 6 மாதம் ஆகியும் ஏக்கம் துளியும் குறையாமல் அன்றாட வாழ்க்கையை முடக்கினால் அது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் பெரியவர்களுக்கு 12 மாதம் என்று வைத்திருக்கிறார்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. ஆனால் "நானும் போய்ச் சேர்ந்துட்டா தேவலை" என்ற பேச்சு வந்தால் மாதக் கணக்கு எல்லாம் பார்க்கக்கூடாது, அன்றைக்கே செயல்படவேண்டும். அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, 24 மணி நேரமும் எடுப்பார்கள், இலவசம், தமிழில் பேசலாம். நேரில் என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

துக்கத்தில் இருப்பவர் தானாக அந்த நம்பரை அழுத்தமாட்டார். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வருவதும் பயன்படாது, யாரும் சொல்லமாட்டார்கள். காரியம் முடிந்த அடுத்த வாரத்தில் தோசை மாவு ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு போங்கள், அரை மணி உட்காருங்கள், தேவைப்பட்டால் நீங்களே நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்துக் கையில் கொடுங்கள். ஓபி சீட்டுக்கு என்றால் காலையிலேயே வண்டி எடுத்துக்கொண்டு வாசலில் போய் நில்லுங்கள்.